மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரைப் பேணும் முறை



1971-ம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மாற்றுச் சிறுநீரகம் வெற்றிகரமாய்ப் பொருத்தப்பட்டது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை முறைப்படி பகிர்ந்தளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2008-ல் தொடங்கியது. இன்று விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தாரும் சென்னை, புதுச்சேரி, வேலூர் சென்று இச்சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறார்கள். "ஆப்பரேஷன் முடிந்தது, வியாதி தீர்ந்தது" என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். அப்படியன்று. வீட்டாரின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

நம் சரீரம் புதிய உறுப்பை அந்நியமென்று கண்டு எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கவே மாத்திரை. ஆனால் தொற்றுநோயிலிருந்து நம்மைக் காப்பதும் அதே எதிர்ப்புச் சக்திதான். இதை நினைவில் வைத்தால் பின்வருபவை எளிதில் விளங்கும்.

முதலாவது, மாத்திரையை ஒருவேளையும் தவறவிடலாகாது. டாக்ரோலிமஸ் மாத்திரையைப் பெரும்பாலோர் 12 மணிக்கு ஒருமுறை உட்கொள்வார்கள். உடம்பு நன்றாயிருக்கிறதென்று நிறுத்தினால், வலியே தோன்றாமல் சிறுநீரகம் கெட்டுப்போகலாம். கையில் பணமில்லையா? மாத்திரை தீருமுன்னே ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மருந்தின் அளவறிய இரத்தம் சோதிக்கும் நாளில், இரத்தம் கொடுத்த பின்பே காலை மாத்திரை. ஆகையால் விடியற்காலை பஸ் ஏறும்போது அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

இரண்டாவது, வைத்தியரைக் கேளாமல் வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ கொடாதீர்கள். பம்பளிமாஸ் பழமும் ஆகாது; அது இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடக்கூடும். காய்ச்சாத பாலும் வேண்டாம்.

மூன்றாவது, நோயாளியைச் சந்திப்பது இரக்கத்தின் கிரியைதான். ஆயினும் முதல் சில மாதங்கள் கூட்டமாய்ப் போய்ப் பார்ப்பது அவருக்குத் தீங்கு. சளி, காய்ச்சல், அம்மை உள்ள வீட்டார் கிட்டே போகவே வேண்டாம். அவருடைய மாட்டுக்கொட்டகையைச் சுத்தம் செய்து கொடுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவே சிறந்த உதவி.

நான்காவது, 100.4 டிகிரி காய்ச்சல், சிறுநீர் குறைதல், கால் வீக்கம், திடீரென எடை கூடுதல், புதிய சிறுநீரகம் வைத்த அடிவயிற்றில் வலி: இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் சிகிச்சை செய்த ஆஸ்பத்திரிக்குத் தெரிவியுங்கள். மருந்தை வாந்தியெடுத்தாலும் அவர்களையே கேளுங்கள்.

கடைசியாக, சிறுநீரகம் கொடுத்தவரை மறவாதீர்கள். பல வீடுகளில் கொடுத்தவள் தாய் அல்லது மனைவி. எல்லாரும் நோயாளியைக் கவனிக்க, அவளோ புண் ஆறுமுன்னே குடம் தூக்குகிறாள். வைத்தியர் சொல்லும் வரை அவளைப் பளு தூக்க விடாதீர்கள். வருஷந்தோறும் அவளுடைய இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்பியுங்கள். ஒருவரைப் பிழைப்பித்தவளை நோயாளியாக்குவது நியாயமன்று.