சிடி-ஐ மேல் விழுந்த பழிகள்

யூடியூபில் ‘உலகின் மோசமான கேம் கன்சோல்கள்’ என்று தேடிப் பாருங்கள். வருகிற பட்டியல்களில் ஃபிலிப்ஸ் சிடி-ஐ அநேகமாக எங்காவது உட்கார்ந்திருக்கும். கூடவே, கோணல்மாணலாக வாயசைத்துப் பேசும் ஓர் அரசரின் கார்ட்டூன் துண்டும் ஓடும். 1991இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கைவிடப்பட்ட கருவி அது. தோற்றது என்பதில் சண்டையில்லை. எதில் தோற்றது, ஏன் தோற்றது என்று சொல்லப்படும் கதைகளில்தான் கோளாறு.

“அது ஒரு கேம் கன்சோல்”

அப்படிப் பிறக்கவில்லை. 1982இல் ஆடியோ சிடியைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஃபிலிப்ஸும் சோனியும், அதே தட்டில் பாட்டோடு படம், எழுத்து, நிரல் எல்லாவற்றையும் ஏற்றி டி.வி.யில் காட்டலாம் என்று திட்டமிட்டார்கள். 1986 மார்ச்சில், சியாட்டலில் மைக்ரோசாஃப்ட் நடத்திய சிடி-ராம் மாநாட்டின்போது அறிவிப்பு வந்தது. கம்ப்யூட்டர் இருக்கும் வீடு அன்று குறைவு, டி.வி. இல்லாத வீடு அதைவிடக் குறைவு. கீபோர்டைத் தொடத் தயங்குகிற குடும்பமும் ரிமோட்டை எடுக்கத் தயங்காது என்பது கணக்கு.

ஆரம்பத்தில் வந்த டிஸ்க்குகளில் ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகப் பொக்கிஷங்களைச் சுற்றிக் காட்டியது. குழந்தைகளுக்கு செசமி ஸ்ட்ரீட் இருந்தது, அப்பாக்களுக்குக் கோல்ஃப் இருந்தது. ஆடியோ சிடி போட்டால் பாடும். கோடாக்கின் ஃபோட்டோ சிடி போட்டால் குடும்பப் படங்களைக் காட்டும். நிறுவனங்கள் ஊழியர் பயிற்சிக்கும் இதை வாங்கின.

குழப்பத்துக்கு ஃபிலிப்ஸும் பொறுப்பு. குடும்பப் பெட்டியாக விலை போகவில்லை என்றதும், கேம் ஆடும் பிள்ளைகள் பக்கம் திரும்பி அதே பெட்டியை நீட்டியது. சூப்பர் நின்டென்டோ 199 டாலருக்கு அமெரிக்காவில் இறங்கியதும் 1991இல்தான். சிடி-ஐயின் விலை அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். என்சைக்ளோபீடியாவும் கோல்ஃபும் பார்க்க யார் அவ்வளவு கொடுப்பார்கள்? கேம் ஆடத்தான் யார் கொடுப்பார்கள்?

“அந்தக் கேவலமான ஸெல்டா கேம்களை நின்டென்டோ செய்தது”

பெயர் நின்டென்டோவுடையது, வேலை வேறு ஆட்களுடையது. சூப்பர் நின்டென்டோவுக்கு ஒரு சிடி டிரைவ் செய்துதர 1988இல் சோனி ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஒப்பந்தப்படி டிஸ்க்கில் வரும் கேம்களின் மீதான பிடி சோனியிடம் போய்விடும் என்பது நின்டென்டோவுக்கு உறுத்தியது. 1991 ஜூனில் சிகாகோ மின்னணுக் கண்காட்சியில் சோனி தன் ‘பிளே ஸ்டேஷன்’ திட்டத்தை அறிவித்தது. மறுநாளே அதே ஊரில் நின்டென்டோ எழுந்து, எங்கள் கூட்டு ஃபிலிப்ஸோடு என்றது. அந்த டிரைவ் கடைசிவரை வரவில்லை. ஃபிலிப்ஸுக்கு மிஞ்சியது நின்டென்டோவின் பாத்திரங்களைச் சில கேம்களில் பயன்படுத்தும் உரிமை.

அந்த உரிமையில் 1993இல் வந்தவை ‘லிங்க்: தி ஃபேசஸ் ஆஃப் ஈவில்’, ‘ஸெல்டா: தி வாண்ட் ஆஃப் கமெலான்’. இரண்டையும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இயங்கிய அனிமேஷன் மேஜிக் என்ற சிறு நிறுவனம், குறைந்த பணத்தில், ஓராண்டுக்குச் சற்றே அதிகமான காலத்தில் முடித்துக்கொடுத்தது. முதலில் சொன்ன அரசர் வரும் கார்ட்டூன் காட்சிகளை வரைந்தவர்கள் ரஷ்யாவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஓவியர்கள். நின்டென்டோவின் தலையீடு, பாத்திரங்களின் தோற்றத்தைப் பார்த்து ஒப்புவதைத் தாண்டிப் பெரிதாக இல்லை. ‘ஹோட்டல் மாரியோ’ ஃபிலிப்ஸின் சொந்தப் பிரிவில் உருவானது.

காட்சிகள் அசிங்கம்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கேலி செய்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைக் கவனிப்பதில்லை. ‘வாண்ட் ஆஃப் கமெலா’னில் வாளெடுத்துப் போகிறவள் இளவரசி ஸெல்டா; காப்பாற்றப்பட வேண்டியவன் வழக்கமான நாயகன் லிங்க். இளவரசியையே நாயகியாக்கி நின்டென்டோ தன் கையால் ஒரு முழு ஸெல்டா கேம் செய்தது 2024இல்.

“ஃபிலிப்ஸ் மட்டும் செய்த பெட்டி”

இல்லை. சோனி கையடக்க மாடல் செய்தது, கோல்ட்ஸ்டார் செய்தது. அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் பெயரிலும் விற்றது. ஆனால் அது ஃபிலிப்ஸின் பிராண்டேதான்.

“காலாவதியான தொழில்நுட்பம்”

இதற்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டும். ஓடிக் குதிக்கும் கேம்களுக்கு இந்தப் பெட்டி லாயக்கில்லை என்பது சரி. சேகா, நின்டென்டோ பெட்டிகளில் பாத்திரங்களைத் திரையில் நகர்த்தவும் பின்னணியை உருட்டவும் தனி வன்பொருள் இருந்தது. சிடி-ஐயில் நகரும் பாத்திரங்களுக்கென்று அப்படி எதுவும் இல்லை. அந்தப் பாரம் 68070 என்ற ஒரே பிராசஸரின் தலையில் விழுந்தது. கொடுத்த ரிமோட்டிலோ கட்டைவிரலுக்கு ஒரு குட்டிக் குச்சி. அதை வைத்து மாரியோவைக் குதிக்க வைப்பது தண்டனை.

ஆனால் டிஸ்க்கில் தகவலை அடுக்கிய விதம் வேறு கதை. சிடியில் ஒரு நொடிக்கு 75 செக்டர்கள் ஓடுகின்றன. கம்ப்யூட்டர் நிரல் எழுதிய செக்டரில் 2,048 பைட்தான் சரக்கு. இன்னொரு 280 பைட், பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு ஒதுக்கியது. நிரலில் ஒரு பிட் மாறினாலும் எல்லாம் கவிழும் என்பதால் அந்தச் செலவு தேவை. பாட்டிலோ படத்திலோ ஒரு பிட் மாறினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆகவே சிடி-ஐயின் தரத்தை வரையறுத்த ‘பச்சைப் புத்தகம்’ இரண்டாவது வகை செக்டர் ஒன்றை வகுத்தது: திருத்தும் பைட்டுகளை எடுத்துவிட்டு 2,324 பைட் சரக்கு. இரண்டு வகையையும் ஒரே தடத்தில் மாற்றி மாற்றி வைக்கலாம். ஒரே ஒரு லேசர் தலை அங்குமிங்கும் தாவாமலே, படத்தையும் ஒலியையும் நிரலையும் ஒரே ஓட்டத்தில் வாங்கிக்கொள்ளும்.

இந்த ஏற்பாடு 1988இல் சிடி-ராம் எக்ஸ்ஏ என்ற தரத்துக்குப் போனது. அங்கிருந்து சோனியின் பிளேஸ்டேஷன் டிஸ்க்குக்கும் போனது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கிலிருந்து பாட்டும் வந்துகொண்டிருந்ததே, பல கேம்களில் அது இந்த வழியில் வந்ததுதான்.

உண்மையான அடி விழுந்தது வீடியோவில். 1987இல் அமெரிக்காவின் ஆர்சிஏ ஆய்வுக்கூடத்தார், ஒரு சிடியிலிருந்து முழுத்திரை வீடியோவை ஓட்டிக் காட்டிவிட்டார்கள். சிடி-ஐயிடம் அது இல்லை. ஃபிலிப்ஸ் எம்பெக்-1 என்ற வீடியோச் சுருக்கத் தரத்தை நம்பிக் காத்திருந்தது. தரம் முடிவான பிறகு, 1993இல் டிஜிட்டல் வீடியோ கார்ட்ரிட்ஜ் என்று தனியாக ஒன்றை விற்றது. ஏற்கெனவே பெட்டிக்குக் காசைக் கொட்டியவர், படம் பார்க்க மறுபடி பர்ஸைத் திறக்க வேண்டும். என் பார்வையில் ஸெல்டாவைவிட இந்தக் கார்ட்ரிட்ஜ்தான் சிடி-ஐயைக் கவிழ்த்தது.

“தடயமே இல்லாமல் அழிந்தது”

தமிழ்நாட்டில் விசிடி வாடகைக்கு எடுத்துப் பார்த்த யாரும் இதைச் சொல்லக் கூடாது. அந்தக் கார்ட்ரிட்ஜுக்காக பாரமவுண்ட் படங்கள், ‘டாப் கன்’ உட்பட, இரண்டிரண்டு டிஸ்க்குகளாக வந்தன. ஒரு டிஸ்க்கில் 74 நிமிடம்தான் கொள்ளும். அதே 1993இல் ஃபிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி நான்கும் சேர்ந்து வீடியோ சிடி தரத்தை வெளியிட்டன. அதே எம்பெக்-1, அதே 2,324 பைட் செக்டர், அதே 74 நிமிடம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதைக் கண்டுகொள்ளவில்லை. சீனத்து மலிவு பிளேயர்கள் வந்த பிறகு ஆசியா வாரிக்கொண்டது.

பரணில் பழைய விசிடி ஏதாவது கிடந்தால் எடுத்து, டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். படம் இருக்கும் ஃபோல்டரின் பெயர் ‘எம்பெக்ஏவி’. உள்ளே ‘டாட்’ என்று முடியும் பெரிய கோப்பு. அதைத்தான் எல்லோரும் திறப்போம். பக்கத்திலேயே பல டிஸ்க்குகளில் ‘சிடிஐ’ என்று ஒரு சின்ன ஃபோல்டர் இருக்கும். அந்த டிஸ்க்கை ஃபிலிப்ஸ் பெட்டியில் போட்டால் படத்தை ஓட்டுவதற்கான நிரல் அதில் இருக்கிறது. பர்மா பஜாரில் விற்ற திருட்டு விசிடியில்கூட, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தெரியாமல், அந்த ஃபோல்டர் வந்திருக்க வாய்ப்புண்டு. அந்த வியாபாரம் எவ்வளவு தூரம் போனதென்றால், 2004இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டையும் அதற்குள் கொண்டுவந்தது.

கீறல் விழுந்த விசிடியில், கதாநாயகன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றதற்கும் காரணம் மேலே இருக்கிறது. அந்த செக்டர்களில் திருத்தும் பைட்டுகள் கிடையாது. டாட் கோப்பைக் காப்பி செய்யப் போனால் பாதியில் பிழை என்று நின்றுவிடும். பிளேயரோ உடைந்ததைத் தாண்டிக்கொண்டு ஓட்டிக் காட்டும்.

“இப்போது வாங்கினால் டிஸ்க்தான் கெட்டிருக்கும்”

சேகரிப்பாளர்கள் முதலில் பார்க்க வேண்டியது டிஸ்க்கை அல்ல. பல மாடல்களில், சேமித்த ஆட்டங்களையும் கடிகாரத்தையும் காக்கும் சிப்புக்குள்ளேயே பேட்டரி வைத்து மூடியிருக்கிறார்கள். அது தீர்ந்தால் பெட்டிக்கு மறதி வந்துவிடும். புதுச் சிப் வாங்கி மாற்றலாம். கை நடுங்காதவர்கள் சிப்பின் மேல்பகுதியைச் சுரண்டி, செத்த பேட்டரியின் இணைப்பை அறுத்துவிட்டு, வாட்ச் கடையில் கிடைக்கும் மூன்று வோல்ட் காயின் செல்லை வெளியே ஒயர் வைத்துப் பற்றவைக்கிறார்கள்.