நீர்ப்பம்பியின் பிளக்கை மாற்றுவது எப்பொழுது? எவ்வாறு?



தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் நுவரெலியாத் தோட்டங்களில் உறைபனி இறங்குவதை நீங்கள் அறிவீர்கள். உருளைக்கிழங்கு இலைமேற் படிந்த பனியை, வெயில் ஏறுமுன் நீர் தெளித்துக் கழுவிவிடுதல் அவசியம். அவ்வேளையில் பம்பியின் கயிற்றைப் பத்து முறை இழுத்தும் எஞ்சின் கிளம்பாவிடில், ஒரு போகத்தின் உழைப்பே கருகிப் போகலாம். பல வேளைகளில் இதற்குக் காரணம் பெரும் பழுதன்று; விரல் நீளமுள்ள பிளக் என்னும் உறுப்பேயாகும்.

பிளக் செய்யும் வேலை

எஞ்சினுக்குள் எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்து அழுத்தப்படுகின்றன. அக்கலவைக்குத் தீ மூட்டுவது பிளக்கின் நுனியில் தோன்றும் மின்பொறியாகும். லெனுவார் என்பார் 1860ஆம் ஆண்டிலேயே தமது எஞ்சினில் மின்பொறியைப் பயன்படுத்தினார். இன்றும் பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சின்கள் யாவும் இம்முறையிலேயே இயங்குகின்றன. வலப்பனை, ஹங்குராங்கெத்தை வயல்களில் உழும் டீசல் இயந்திரங்களுக்குப் பிளக் இல்லை; அவற்றில் அழுத்தத்தால் எழும் சூடே எண்ணெயை எரிக்கின்றது.

மலைநாட்டில் பிளக் ஏன் விரைவில் கரி பிடிக்கின்றது?

நுவரெலியா நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கு காற்றழுத்தம் கரையோரத்தைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. ஆகவே தாழ்நிலத்திற்கென அமைக்கப்பட்ட எஞ்சினில் காற்றுக் குறைந்து எண்ணெய் மிகுந்துவிடும். எரியாத மீதி கரியாகப் பிளக்கில் படியும். குளிரில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதுமில்லை. அதனால் பெற்றோலில் கிளப்பி, எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாக மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுதல் நலம்.

நிறம் கூறும் செய்தி

பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள்.

வெளிர் மண்ணிறம்: எஞ்சின் நலமாக உள்ளது.

உலர்ந்த கருங்கரி: எண்ணெய் மிகுதி, அல்லது காற்றுவடிகட்டியில் அழுக்கு அடைப்பு.

பிசுபிசுத்த கறுப்பு: எஞ்சின் ஒயில் மேலேறி எரிகின்றது, பிஸ்டன் வளையங்களைச் சோதிக்க வேண்டும்.

வெண்மையும் கொப்புளமும்: அளவு மீறிய சூடு.

காரணத்தை நீக்காமல் பிளக்கை மட்டும் மாற்றினால், புதியதும் விரைவில் அதே நிலையை அடையும்.

மாற்ற வேண்டிய காலம்

வெண்பீங்கான் வெடித்திருந்தாலும், நுனிக்கம்பி தேய்ந்து உருண்டிருந்தாலும், துப்புரவாக்கிய பின்னும் பொறி வலுவிழந்திருந்தாலும் உடனே மாற்றுங்கள். வெளித்தோற்றம் நன்றாயினும் ஏறத்தாழ 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்தல் வேண்டும். உங்கள் எஞ்சினின் கைந்நூல் வேறு அளவு கூறுமாயின் அதனையே பின்பற்றுக.

மாற்றும் முறை

1. எஞ்சினை நிறுத்தி, நன்கு ஆறவிடுங்கள். சூட்டில் கழற்றினால் மரை கெடும், கையும் சுடும்.

2. மின்கம்பியை இழுக்காமல், அதன் மூடியைப் பிடித்துக் கழற்றுங்கள்.

3. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் அகற்றுங்கள். ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் கீறப்படும்.

4. பிளக் சாவியை நேராகப் பொருத்தி, இடப்புறமாகத் திருப்பிக் கழற்றுங்கள்.

5. புதிய பிளக்கின் நுனி இடைவெளியை அளவுத் தகட்டால் பாருங்கள். சிறு நீர்ப்பம்பிகள் பலவற்றுக்கு இது 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். திருத்தம் வேண்டின் வளைந்த வெளிக்கம்பியை மட்டும் மெல்ல வளையுங்கள்.

6. முதலில் கையால் திருகுங்கள். இறுக்கமாக இருந்தால் மரை மாறியுள்ளது. வெளியே எடுத்து மீண்டும் தொடங்குங்கள்.

7. அடியில் அமர்ந்த பின், புதிய பிளக்காயின் சாவியால் அரைச் சுற்று இறுக்குங்கள்; பழையதாயின் காற்சுற்றுக்கு மேல் வேண்டாம்.

கடையில் வாங்கும்போது பழைய பிளக்கைக் கையோடு கொண்டு சென்று, அதே இலக்கமுள்ளதையே கேளுங்கள். மரை நீளம் கூடிய பிளக்கைப் பூட்டினால் பிஸ்டன் அதில் மோதி எஞ்சினே உடையக்கூடும். பொறி வருகின்றதா எனச் சோதிக்கும்போது, எண்ணெய்த் தாங்கியையும் திறந்த பிளக் துவாரத்தையும் விட்டு விலக்கியே பிடியுங்கள்.

சிக்கனமும் இதுவே

2022ஆம் ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை மலைநாட்டுக் கமக்காரர் எவரும் மறந்திரார். கரி பிடித்த பிளக் எண்ணெயை எரிக்காமல் வீணாக்குகின்றது. லீக்ஸ், கரட், கோவா பாத்திகளுக்கு நீர் பாய்ச்சும் காலம் தொடங்குமுன் பிளக்கைப் பாருங்கள். சரியான இலக்கமுள்ள மற்றொன்றையும் அதன் சாவியையும் ஒரு தகரப்பெட்டியிலிட்டுப் பம்பிக்கு அருகே ஈரம்படாது வையுங்கள். பனி விழுந்த விடியலில், கடை திறக்கும் வரை பயிர் காத்திராது.