பிழைச்செய்தியை முதலில் படிக்கச் சொல்லுங்கள்

தொட்டியம், முசிறி பக்கம் அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் பழகும் பிள்ளைகள் உங்களிடம் சந்தேகம் கேட்டு வந்தால், விசைப்பலகையை நீங்கள் வாங்காதீர்கள். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது, நினைவிருக்கலாம்.

திரையில் வந்த பிழைச்செய்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றால் பெரும்பாலும் எழுத்துப்பிழை, அல்லது அந்த மென்பொருளையே இன்னும் நிறுவவில்லை. 'பெர்மிஷன் டினைடு' என்றால் அந்தக் கோப்பைத் தொட அவர்களுக்கு அனுமதி இல்லை.

அடுத்தது, கணினிக்குள்ளேயே இருக்கும் கையேடு. டெர்மினலில் 'மேன்' என அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கட்டளையின் பெயரைக் கொடுத்தால் விளக்கம் விரியும். சாய்கோடு போட்டு ஒரு சொல்லை அடித்தால் அதற்குள் தேடலாம். வெளியே வர 'க்யூ'. இணையமே வேண்டாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. லிப்ரே ஆபீஸில் உதவி வேண்டுமென்றால் எஃப்1 விசையை அழுத்தலாம்.

இணையத்தில் தேடும்போது பிழைச்செய்தியை அப்படியே மேற்கோள்குறிக்குள் இடட்டும். தங்கள் பெயரையும் கோப்பின் பெயரையும் நீக்கிவிட்டு, லினக்ஸ் பதிப்பைச் சேர்க்கட்டும். கிடைத்த பதில் எந்த ஆண்டுக்கு உரியது என்றும் பார்க்க வேண்டும். தமிழில் படிக்க, 2012 முதல் வரும் 'கணியம்' இணையதளத்தின் கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசம்.

'சூடோ' என்று தொடங்கும் கட்டளையை மட்டும், என்ன செய்யும் என்று தெரியாமல் ஒட்ட விடாதீர்கள். அது கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும்.