வேலைக்குப் போக முடியவில்லையா? மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் வழி

"என்னால் இனி வேலைக்குப் போக முடியாது" என்று மனு எழுதிக்கொண்டு நேராகத் தாலுகா அலுவலகத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு வரியை நம்பி மாத உதவித்தொகை வழங்கத் தமிழ்நாட்டில் எந்த அலுவலருக்கும் அதிகாரம் இல்லை. அவர்கள் முதலில் பார்ப்பது இரண்டு: உங்கள் குறைபாடு சட்டம் சொல்லும் பட்டியலில் இருக்கிறதா, அரசு மருத்துவர் அதற்கு எத்தனை சதவீதம் எழுதியிருக்கிறார். சம்பாத்தியம் நின்றுபோன வீட்டுக்கு இது கொடுமையாகத்தான் தோன்றும். ஆனால் நடைமுறை இப்படித்தான். எனவே மனுவைப் பிறகு எழுதலாம், சான்றிதழை முதலில் வாங்குங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கை கால் இயக்கக் குறைபாடு, பார்வை, செவி, பேச்சு, அறிவுசார் குறைபாடு, மனநோய், தசைச் சிதைவு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய், நாட்பட்ட நரம்பியல் நோய்கள், தலசீமியா, ஹீமோபிலியா, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோர் எல்லாம் அதில் அடக்கம். சிறுநீரகச் செயலிழப்பு, இதய நோய், புற்றுநோய், சர்க்கரை நோய் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் வேலைக்குப் போக முடியாது என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் அந்த நோயை மட்டும் காட்டி இந்தச் சான்றிதழ் கிடைக்காது. இது சட்டத்தின் குறை, திருத்தப்பட வேண்டிய குறை. அதே சமயம், சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்டிருந்தாலோ பார்வை போயிருந்தாலோ அந்த விளைவுக்குச் சான்றிதழ் உண்டு. விண்ணப்பத்தில் நோயின் பெயரைவிட, அது உடம்பில் விட்டுச்சென்ற குறைபாட்டைத்தான் முன்னால் வைக்க வேண்டும்.

சம்பளத்தில் ஈஎஸ்ஐ, பிஎஃப் பிடித்தம் இருந்ததா?

சான்றிதழுக்கு ஓடுவதற்கு முன் பழைய சம்பளச் சீட்டைத் தேடி எடுங்கள். பெரும்பாலோர் கைவிட்டுவிடும் பணம் இங்கேதான் இருக்கிறது.

ஈஎஸ்ஐ காப்பீடு இருந்து, வேலையின்போது விபத்து நடந்திருந்தால், குணமாகும்வரை சராசரி தினக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனம் ஏற்பட்டுவிட்டால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று ஈஎஸ்ஐ மருத்துவக் குழு முடிவு செய்து அதற்கேற்ப மாதந்தோறும் தொகை வரும். விபத்து இல்லாமல் நோயால் படுத்தவர்களுக்கும் வழி இருக்கிறது. சாதாரண நோய்க்கால உதவி 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. புற்றுநோய், காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டு ஆண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்தவர்களுக்கு, 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை. மாற்றுத்திறனாளி பட்டியலில் இடமில்லாத டயாலிசிஸ் நோயாளிக்கு இங்கே இடம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். விபத்து நடந்திருந்தால் நிறுவனத்தின் விபத்துப் பதிவேட்டில் அது ஏறியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று மேலாளர் சொன்னாலும் விடாதீர்கள்.

பிஎஃப் பிடித்தம் இருந்தவர்கள் பலர், பத்து ஆண்டு சர்வீஸ் இல்லாவிட்டால் பென்ஷன் இல்லை என்று நினைத்து மொத்தப் பணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். வேலையில் இருக்கும்போதே முழுமையாகவும் நிரந்தரமாகவும் செயலிழந்தவருக்கு அந்தப் பத்து ஆண்டுக் கணக்கு கிடையாது. 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். மருத்துவக் குழு பரிசோதித்துச் சான்றளிக்க வேண்டும். விண்ணப்பம் 10டி படிவத்தில். குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். பணத்தை எடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

விபத்து என்றால் வங்கி பாஸ்புக்கையும் புரட்டுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது பிரதமரின் விபத்துக் காப்பீடாக இருக்கலாம். இரு கண்களோ, இரு கைகளோ கால்களோ நிரந்தரமாகச் செயலிழந்தால் 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ காலோ என்றால் 1 லட்சம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் போன்றவற்றில் பதிவு செய்தவர்கள் முடக்க ஓய்வூதியம் பற்றித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

சான்றிதழ்: எல்லாம் இதில்தான் இருக்கிறது

யூடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை ஸ்வாவலம்பன் இணையதளத்தில் பதிய வேண்டும். வீட்டில் வசதி இல்லை என்றால் இ-சேவை மையத்திலோ, கலெக்டர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ கேளுங்கள். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று போதும். அட்டைக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. "சதவீதம் போட்டு வாங்கித் தருகிறேன்" என்று மருத்துவமனை வாசலில் நிற்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மருத்துவ முகாம் எந்தக் கிழமை, எந்த மருத்துவர் வருவார் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். விசாரித்துக்கொண்டு போங்கள். பக்கவாதம் போன்ற நரம்புப் பாதிப்புகளுக்கு வழக்கமாக ஆறு மாதம் கழிந்த பிறகே மதிப்பீடு செய்வார்கள். அதற்கு முன் போய்த் திரும்பி வந்தவர்கள் மனம் தளர வேண்டாம். அந்த ஆறு மாதத்துக் காகிதங்களைச் சேர்த்துவையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், எக்ஸ்ரே, செவித்திறன் சோதனை, பிசியோதெரபி குறிப்பு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி ஒரு ஃபைலில் போடுங்கள். அசலைக் காட்டுங்கள், ஜெராக்ஸைக் கொடுங்கள்.

மருத்துவர் முன்னால் நம் ஆட்கள் செய்வது ஒன்று உண்டு. நல்ல சட்டை போட்டு, வலியை மறைத்து, "பரவாயில்லைங்க டாக்டர், சமாளிக்கிறேன்" என்பார்கள். அது மானமுள்ள பழக்கம்தான், ஆனால் அந்த அறையில் அது உங்களுக்கு எதிராகவே போகும். மிகைப்படுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எத்தனை அடி நடந்தால் உட்கார வேண்டியிருக்கிறது, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா, கழிப்பறைக்குப் போக யார் துணை என்பதைச் சொல்லுங்கள். மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோல் இருக்கிறது. தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்கையும் அதில் பார்ப்பார்கள். நோயாளி தானாக இதைச் சொல்ல மாட்டார். உடன் இருப்பவர் போய்ச் சொல்ல வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால் எல்லாவற்றையும் சொல்லி, அந்தந்தத் துறை மருத்துவரிடமும் காட்டுங்கள். இங்கே சதவீதத்தை அப்படியே கூட்டுவதில்லை. பெரிய எண்ணை முழுதாக எடுத்துக்கொண்டு, 90இலிருந்து அதைக் கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி 90ஆல் வகுத்துச் சேர்ப்பார்கள். காலுக்கு 40, பேச்சுக்கு 40 என்றால் மொத்தம் 80 ஆகாது, சுமார் 62 ஆகும். அந்தக் கூடுதல் 22 சிறியதாகத் தோன்றலாம். எந்த உதவி கிடைக்கும் என்பதை அதுவே தீர்மானிக்கலாம்.

எந்த உதவி, எந்த அலுவலகம்?

இரண்டு துறைகள் தனித்தனியாக உதவி வழங்குகின்றன. இந்தக் குழப்பத்தால்தான் மக்கள் அதிகம் அலைகிறார்கள்.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, தொழுநோயிலிருந்து குணமானோர், முதுகுத் தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு ஆகியவற்றுக்கு 40 சதவீதமே போதும். கடும் உடல் பாதிப்பு என்ற பிரிவுக்கு 75 சதவீதம் வேண்டும். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு.

வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 1,500 ரூபாய். 18 வயது நிறைந்து, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடும் வறுமையும் உள்ளவர்களுக்கு. 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான திட்டத்தில் சேர்ப்பார்கள். கையில் வரும் தொகையைப் பொறுத்தவரை உங்களுக்கு வேறுபாடு இல்லை. இதற்கு இ-சேவை மையம் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். விஏஓவும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தந்த பின், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் உத்தரவு போடுவார்.

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. 2,000 ரூபாய்க்குத் தகுதி இருந்தால் அதையே முதலில் கேளுங்கள்.

விசாரணையில் மனு திரும்புவதற்குப் பெரிய காரணம் பெயர்தான். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு, பாஸ்புக்கில் வேறு என்று இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். விஏஓ வரும் நாளில் வீட்டில் விவரம் சொல்லத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று பெறலாம். வங்கியில் கணக்கு திறக்கும்போது அதைக் கேட்கக்கூடும்.

மனு நின்றுவிட்டால்

ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அது இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம். பதில் வரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுங்கள், அல்லது 1100 எண்ணில் முதல்வரின் முகவரியில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் செலவில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரே கேள்வி கேளுங்கள்: "எனது இன்ன எண் விண்ணப்பத்தின் மீது இன்றுவரை யார் யார், எந்தெந்தத் தேதியில், என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்ற விவரத்தையும் கோப்பின் நகலையும் தரவும்." 30 நாளில் பதில் தர வேண்டும். சண்டை போட்டு நகராத கோப்புகள் இந்தக் கேள்விக்கு நகர்வதுண்டு.

சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமை தருகிறது. புதிய பரிசோதனை அறிக்கை இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். தற்காலிகச் சான்றிதழ் என்றால் காலாவதி தேதியைக் குறித்துவைத்து, மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கத் தொடங்குங்கள்.

இந்த இரு துறைகளின் மாத உதவித்தொகை உத்தரவு வந்த பிறகுதான் தொடங்கும். நீங்கள் படுத்த படுக்கையான மாதத்திலிருந்து கணக்கிட்டு அதைத் தருவதில்லை. எனவே உடம்பு இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று காத்திருக்காமல், ஃபைலை இந்த வாரமே அடுக்கத் தொடங்குங்கள்.