தவிட்டு எண்ணெய் கெடாமல் காப்பது எப்படி?

நெல் அரவையில் அரிசிக்கு அடுத்தபடி மதிப்புள்ள பொருள் தவிடு. ஷெல்லர் ஆலையில் ஒரு டன் நெல்லை அரைத்தால் சுமார் 70 கிலோ தவிடு கிடைக்கும். புழுங்கல் தவிட்டில் 20 முதல் 25 சதம் வரையிலும், பச்சரிசித் தவிட்டில் 12 முதல் 18 சதம் வரையிலும் எண்ணெய் உண்டு. ஹல்லரில் அரைத்தால் உமித்தூள் கலந்துவிடும். அதனால் எண்ணெய் அளவு வெகுவாகக் குறையும்.

தவிடு கெடுவது ஏன்?

நெல்லில் லைப்பேஸ் என்ற நொதி இருக்கிறது. அரிசியைத் தீட்டும்போது அது எண்ணெயுடன் கலந்து, எண்ணெயைக் கொழுப்பு அமிலமாகப் பிரிக்கத் தொடங்குகிறது. பச்சரிசித் தவிட்டில் இந்த அமிலம் ஒரே நாளில் 5 முதல் 7 சதம் வரை கூடிவிடும். அமிலத்தை நீக்கச் சுத்திகரிக்கும்போது நல்ல எண்ணெயும் அதனுடன் சேர்ந்து போய்விடும். அமிலம் மிகுந்தால் அந்த எண்ணெய் சோப்புக்குத்தான் உதவும். தவிட்டின் விலையும் சரியும். புழுங்கல் நெல்லை அவிக்கும்போதே நொதி அழிந்துவிடுவதால் அதன் தவிடு அவ்வளவு விரைவில் கெடுவதில்லை.

எண்ணெய் எடுக்கும் முறை

தவிடு தூளாக இருந்தால் கரைப்பான் அதனூடே இறங்காமல் அடைத்துக்கொள்ளும். ஆகவே நீராவி காட்டிச் சிறு உருளைகளாக அழுத்தி, உலர்த்தி, அவற்றின் மேல் ஹெக்சேனைப் பாய்ச்சுகிறார்கள். ஹெக்சேன் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு வெளிவரும். பிறகு சூடாக்கி ஹெக்சேனைப் பிரித்து, குளிரவைத்து, மீண்டும் பயன்படுத்துகிறார்கள். தவிட்டில் எஞ்சுவது சுமார் 1 சத எண்ணெயே. எண்ணெய் நீக்கிய தவிட்டில் சுமார் 15 சதம் புரதம் இருப்பதால் மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகும்.

அரிசி ஆலைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

1. தவிட்டில் உமி, குருணை, மண் கலக்காமல் சலித்து எடுக்க வேண்டும்.

2. பச்சரிசித் தவிட்டை அரைத்த அன்றே எண்ணெய் ஆலைக்கு அனுப்ப வேண்டும். இயலாவிட்டால் நீராவியில் 100 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்கிச் சில நிமிடம் வைத்து, உடனே உலர்த்தி ஆறவைக்க வேண்டும். வெறுமனே வெயிலில் காயவைத்தால் நொதி அழியாது.

3. பழைய தவிடு இருந்த சாக்கில் புதிய தவிட்டை நிரப்பக் கூடாது. மூட்டைகளை ஈரத்தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும்.

4. புழுங்கல் தவிட்டையும் பச்சரிசித் தவிட்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் பச்சரிசித் தவிட்டின் நொதி புழுங்கல் தவிட்டின் எண்ணெயையும் கெடுத்துவிடும்.

புதிதாக வரும் தவிட்டுக்குத்தான் நல்ல விலை. ஒரு நாள் தாமதம் சமையல் எண்ணெயைச் சோப்பு எண்ணெயாக்கிவிடும் என்பதை மறக்கலாகாது.