இல்லத்தில் யோகம்: முதல் மண்டலம்

சென்ற ஆண்டு திருவனந்தபுரத்தில் சில நாட்கள் தங்கியிருந்தபோது, கரமனையில் வாழும் தமிழ்க் குடும்பத்து அம்மையார் ஒருவர் தம் கணவருடன் காண வந்தார். வயது ஐம்பதை நெருங்கும். வணங்கி அமர்ந்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சுவாமி, வீட்டிலேயே யோகப் பயிற்சி செய்ய வேண்டுமென்று மூன்று முறை ஆரம்பித்தேன். மூன்று முறையும் விட்டுவிட்டேன். எனக்கு இதற்குத் தகுதி இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டார்.

நடந்ததைச் சொல்லுங்கள் அம்மா என்றேன். முதல் முறை ஒரு நூலைப் பார்த்துப் பன்னிரண்டு ஆசனங்களையும் முதல் நாளே தொடங்கியிருக்கிறார். ஒன்பதாம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. இரண்டாம் முறை கைப்பேசியில் கண்ட ஒரு காணொளியைப் பின்பற்றி மூச்சை அடக்கிப் பழகியதில் தலைசுற்றல் வந்தது. மூன்றாம் முறை மிகுந்த எச்சரிக்கையோடு, நாள்தோறும் காலை நான்கரை மணிக்கு எழுவது என்று சங்கல்பம் செய்துகொண்டார். படுக்கையில் இருக்கும் மாமியாருக்கு ஓர் இரவு உடல்நிலை மோசமாகி, விடியும்வரை அவர் அருகிலேயே இருக்க நேர்ந்தது. மறுநாள் எழ முடியவில்லை. சங்கல்பம் முறிந்ததே என்ற வருத்தத்தில் பாயைச் சுருட்டி வைத்தவர் பிறகு விரிக்கவே இல்லை.

இது அந்த அம்மையார் ஒருவரின் அனுபவமன்று. உலக யோகா தினம் 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21-ஆம் நாள் கொண்டாடப்படுகிறது. அன்று விரித்த பாய்களில் ஆடி பிறக்கும்வரை விரிந்திருப்பவை எத்தனை என்று நம் அன்பர்கள் தத்தம் இல்லத்தைப் பார்த்தே அறியலாம்.

தகுதி யாருக்கு?

அம்மையார் கேட்டது, சாஸ்திரங்கள் 'அதிகாரி யார்?' என்று எழுப்பும் பழைய கேள்வியே. அவர் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இதற்கு விடையாக வாழ்ந்த ஒருவர் இருந்தார். தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்று கேரளம் போற்றும் அவர் தமிழர். பூர்வாசிரமப் பெயர் சுப்பராயர். பிறந்த ஆண்டு 1814. ஆங்கிலேயரின் ரெசிடென்சி மாளிகையில் 1873-இல் மேலாளர் பொறுப்பேற்று நெடுங்காலம் பணியாற்றினார். மக்கள் அவரை 'சூப்பிரண்டு அய்யா' என்றே அழைத்தனர். காவியுடுத்தவில்லை, மனைவி மக்களுடன் இல்லறம் நடத்தினார். அலுவலகக் கணக்குகளையும் மேலதிகாரிகளின் கட்டளைகளையும் கவனித்துக்கொண்டே ஹடயோகத்திலும் ராஜயோகத்திலும் சித்தி பெற்றவராக விளங்கினார்.

பிற்காலத்தில் கேரளத்தையே மாற்றியமைத்த இருவர் அவரிடம் யோகம் பயின்றனர். ஒருவர் சட்டம்பி சுவாமிகள். தலைமைச் செயலகக் கட்டடம் எழும்பியபோது வறுமையினால் அங்கே கூலிவேலை செய்தவர் அவர். மற்றவர் ஸ்ரீ நாராயண குரு. அவரை அய்யாவிடம் அழைத்துச் சென்றவர் சட்டம்பி சுவாமிகளே. குருதேவர் பின்னர் மருந்துவாழ் மலையில் தவமியற்றி, 1888-இல் அருவிப்புறத்தில் சிவப் பிரதிஷ்டை செய்தது அனைவரும் அறிந்த வரலாறு. தீண்டாமை கொடிகட்டிப் பறந்த அந்நாளில் எல்லாச் சாதியினரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவிட்டவர் அய்யா. அய்யன்காளியும் அவரிடம் வந்து சென்றவர்களுள் ஒருவர். அய்யா 1909-இல் சமாதியடைந்தார். தைக்காட்டில் அவர் சமாதியின் மேல் இன்று சிவாலயம் இருக்கிறது.

இல்லறமும் அலுவலும் யோகத்திற்குத் தடை என்றால் அந்தக் குருகுலமே உண்டாகியிருக்காது. "உங்கள் மாமியாருக்கு இரவெல்லாம் பணிவிடை செய்தீர்களே, அன்று யோகம் முறியவில்லை அம்மா, நேரம்தான் தவறியது" என்று அம்மையாரிடம் சொன்னேன். பதஞ்சலி எட்டு அங்கங்களில் ஆசனத்தை மூன்றாவதாகத்தான் வைக்கிறார். யமமும் நியமமும் அதற்கு முந்தியவை. யமத்துள் முதலாவது அஹிம்சை. நோயுற்றவர் அருகில் கண்விழித்திருப்பது அந்த முதற்படியில் நிற்பதே. முழங்கால் வீங்கும்வரை மடக்கியதுதான், உண்மையில், அந்தப் படியிலிருந்து வழுவியது. அஹிம்சை பிறர் உடலுக்கு மட்டும் உரியதன்று.

மூன்று சூத்திரங்கள்

யோக சூத்திரங்கள் பாடபேதத்திற்கேற்ப 195 அல்லது 196. அவற்றுள் ஆசனத்தைப் பற்றியவை இரண்டாம் பாதத்தில் வரும் மூன்றே சூத்திரங்கள். ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பது முதலாவது. அது எப்படிக் கைகூடும் என்று கூறுவது இரண்டாவது. இருமைகளின் தாக்குதல் ஓய்வது அதன் பயன் என்பது மூன்றாவது.

இரண்டாவது சூத்திரம் இரு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று 'பிரயத்ன சைதில்யம்'. பல ஆண்டுகளுக்கு முன் இச்சொல்லை முதன்முதலாக மொழிபெயர்த்தபோது 'முயற்சியின்மை' என்று எழுதிவிட்டேன். கையெழுத்துப் பிரதியைப் பார்த்த மூத்த சுவாமிஜி சிரித்துக்கொண்டே, "இதைப் படிப்பவன் தூங்கப் போய்விடுவானே!" என்றார். முயற்சி இருக்க வேண்டும், அதிலுள்ள இறுக்கம் மட்டும் தளர வேண்டும்; 'முயற்சியைத் தளர்த்துதல்' என்று திருத்தினேன். குனிந்து பாதத்தைத் தொடும்போது நம் தாடை ஏன் இறுகுகிறது? தாடைக்கு அங்கே வேலையே இல்லையே. வேண்டாத இடத்தில் செலவாகும் அந்த முயற்சியையே முனிவர் விடச் சொல்கிறார். மேலே பார்த்த மூன்று தோல்விகளிலும் இருந்தது முயற்சிக் குறைவன்று, இறுக்கமே.

மற்றொரு வழி 'அனந்த சமாபத்தி', அதாவது அனந்தனில் மனம் ஒன்றுதல். எல்லையற்றதில் மனத்தை வைப்பது என்று இதற்குப் பொருள் கொள்பவர் உண்டு. வாசஸ்பதி மிச்ரர் இதை ஆதிசேஷனாகவே கொள்கிறார்: பூமியை ஆயிரம் படங்களில் தாங்கியும் அசையாதிருக்கும் நாகராஜன். பெரும் பாரத்தைத் தாங்குபவனே அசைவற்றிருக்கிறான் என்ற நினைவு, அமர்ந்திருப்பவனின் முதுகெலும்பை நிமிர்த்துமாம். பதஞ்சலியே ஆதிசேஷனின் அவதாரம் என்பது தில்லைத் தலபுராணம் அறிந்தவர்களுக்குப் புதிதன்று. அனந்தனின் பெயராலேயே வழங்கும் நகரில், அவன் மேல் பத்மநாபன் யோக நித்திரை கொள்ளும் ஆலயத்திற்கு நாள்தோறும் செல்லும் ஒருவருக்கு இந்தச் சூத்திரத்தை விளக்குவது எனக்கு எளிதாயிற்று. "கண்ணை மூடியதும் அந்தப் பாம்பணையை நினையுங்கள், போதும்" என்றேன்.

தொடங்கும் முறை

இனி நடைமுறை. கேரளத்தில் மண்டலம் என்பது நாற்பத்தொரு நாள். தமிழகத்தில் பெரும்பாலும் நாற்பத்தெட்டு. எதுவாயினும் சரி, முதல் மண்டலத்திற்குப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண் அழுத்த நோய், முதுகுத்தண்டுக் கோளாறு உள்ளவர்களும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாது.

நேரம் அதிகாலையாக அமைந்தால் உத்தமம். அமையாவிட்டால் மாலையில் விளக்கேற்றும் வேளையும் நல்லதே. முழு உணவுக்குப் பின் மூன்று முதல் நான்கு மணி நேரம் கழிந்திருக்க வேண்டும் என்பதே கட்டாயமான விதி. ஆசனம் மிக உயரமாகவோ மிகத் தாழ்வாகவோ இல்லாமல், தூய இடத்தில் அமைய வேண்டும் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. வழுக்கும் வெறும் தரையில் செய்ய வேண்டாம். கோரைப்பாயின் மேல் ஒரு பருத்தி விரிப்பு போதும். விலையுயர்ந்த பாய் வாங்கினால் பழக்கம் நிலைக்கும் என்று எண்ணுபவர்களைக் கண்டிருக்கிறேன். பாய் நிலைத்தது!

முதலில் நேராக நில்லுங்கள். இரு பாதங்களும் எடையைச் சமமாகத் தாங்குகின்றனவா என்று கவனியுங்கள். பலருக்கு இதுவே முதல் கண்டுபிடிப்பாக இருக்கும். மூச்சை இழுத்தபடி கைகளை மெல்ல உயர்த்தி, விட்டபடி தாழ்த்துங்கள். இவ்வாறு ஐந்து முறை. பிறகு மல்லாந்து படுத்து, ஒரு காலை மட்டும் மடக்கி, முழங்காலை மார்பை நோக்கி அணைத்துச் சில மூச்சுகள் இருந்து கால் மாற்றுங்கள். அடுத்துக் குப்புறப் படுத்து புஜங்காசனம். தொப்புள் தரையிலேயே இருக்கட்டும். கைகளால் உந்தி எழாமல் முதுகின் வலுவால் எவ்வளவு உயர முடிகிறதோ அவ்வளவே. தசை நீளும்போது தோன்றும் இழுவை வேறு, மூட்டுக்குள் குத்தும் வலி வேறு. இரண்டாவது தோன்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். மூச்சு திக்கினால் எல்லை கடந்துவிட்டது என்று பொருள்.

பிறகு சவாசனம், குறைந்தது ஐந்து நிமிடம். அவசரக்காரர்கள் முதலில் விட்டுவிடுவது இதைத்தான். முயற்சியைத் தளர்த்தக் கற்பிக்கும் பாடமே இது என்பதால் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம். இறுதியில் சுகாசனத்தில், முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில், நிமிர்ந்து அமர்ந்து இயல்பான மூச்சைக் கவனியுங்கள். வெளிவிடும் மூச்சு தானாகவே நீளட்டும்.

கும்பகம் முதல் மண்டலத்தில் அறவே வேண்டாம். சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவது போல் பிராணனையும் சிறிது சிறிதாகவே வசப்படுத்த வேண்டும் என்றும், முறை தவறினால் விக்கல், இருமல், இரைப்பு, தலைநோய் முதலியன வரும் என்றும் ஹடயோக பிரதீபிகை எச்சரிக்கிறது. சிரசாசனத்தையும் சர்வாங்காசனத்தையும் நூலைப் பார்த்துப் பழகுவது கூடாது. நூல் அழைக்கும், கைபிடித்துத் திருத்துவதற்கு ஆள் வேண்டும்.

கேரளத்தில் பிறந்த சுவாமி விஷ்ணுதேவானந்தர், ராணுவத்தில் பணிபுரிந்த இளைஞராக இருந்தபோது, குப்பைக் கூடையில் கிடந்த ஒரு சிறு பிரசுரத்தைக் கண்டெடுத்தார். பத்தமடையில் அவதரித்த சுவாமி சிவானந்தர் எழுதிய சாதனைக் குறிப்புகள் அவை. அவர் அத்தாளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே வித்தகராகிவிடவில்லை. ரிஷிகேசம் சென்று குருவின் காலடியில் அமர்ந்தார். திருவனந்தபுரத்தை அடுத்த நெய்யாறு அணைக்கட்டுப் பகுதியில் அவர் நிறுவிய ஆசிரமத்தில் இன்றும் யோகம் கற்பிக்கப்படுகிறது. அவரவர் ஊரில் உள்ள தகுந்த ஆசிரியரிடம் மாதம் ஒருமுறையாவது செய்து காட்டிப் பிழை திருத்திக்கொள்வது, வீட்டில் பயில்பவர்களுக்கு இன்றியமையாதது.

ஒரு நாள் விட்டுப்போனால்? நெடுங்காலம், இடைவிடாது, சிரத்தையோடு செய்யப்படும் அப்யாசமே உறுதிப்படும் என்கிறார் பதஞ்சலி. 'இடைவிடாது' என்பதைக் கண்டு அஞ்சுபவர்கள் 'நெடுங்காலம்' என்பதை மறந்துவிடுகிறார்கள். தவறிய நாளை மறுநாள் இரட்டிப்பாக்கி ஈடுசெய்ய வேண்டாம்; வழக்கமான பதினைந்து நிமிடமே போதும். மலையாளத்தில் பழக்கத்திற்குச் 'சீலம்' என்று பெயர். நாமோ அச்சொல்லை நல்லொழுக்கம் என்னும் பொருளில் வழங்குகிறோம். இரண்டு மொழிகளுக்கும் இடையில் வாழ்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டு மாதங்கள் கழித்து அம்மையாரிடமிருந்து கடிதம் வந்தது. மாமியார் மாலையில் உறங்கும் நேரத்தில், அதே அறையில் பாய் விரித்துச் செய்து வருகிறாராம். நாற்பத்தொரு நாளில் ஒன்பது நாட்கள் விட்டுப்போயின என்று நாள்வாரியாகக் குறித்திருந்தார். ஒருநாள் கண்விழித்த மாமியார், "கையை உயர்த்துகிறாயே, அது என்ன? எனக்கும் சொல்லிக் கொடு" என்றாராம். இப்போது அவரும் படுத்தபடியே மூச்சோடு கைகளை உயர்த்தித் தாழ்த்துகிறார். இனிக் கும்பகம் தொடங்கலாமா என்றும் கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. வேண்டாம், அடுத்த மண்டலமும் இதுவே என்று பதில் எழுதினேன். மாமியாருக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம் என்றும், மழைக்காலமாதலால் பாயில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளும்படியும் சேர்த்து எழுதினேன்.