நாலு விரல் போர்முறை

போன தடவை நம் சுவர் இதழில் காவலூர் வானாய்வகத்தைப் பற்றி எட்டாம் வகுப்புக்காரர்கள் எழுதியிருந்தார்கள். நான் அதே வானத்தில் நடந்த சண்டையைப் பற்றி எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போர் விமானிகள் எப்படிச் சண்டை போட்டார்கள் என்பதுதான் தலைப்பு. நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. சம்பந்தம் இருக்கு, பின்னால் வருகிறது.

முதலில் உங்கள் வலது கையை நீட்டி, கட்டை விரலை மட்டும் மடக்குங்கள். மீதி நாலு விரல்களையும் கொஞ்சம் விரித்து வையுங்கள். நாலு விரல் நுனியும் நாலு விமானம். நடு விரல்தான் தலைவர். ஆள்காட்டி விரல் அவருக்குத் துணை. மோதிர விரல் இரண்டாவது ஜோடியின் தலைவர், சுண்டு விரல் அவருக்குத் துணை. தலைவர் எதிரியைச் சுடுவார். துணைக்குப் போகிறவருடைய முதல் வேலை சுடுவது இல்லை, தலைவரின் முதுகுப் பக்கத்தைப் பார்த்துக் கொள்வது. இரண்டு பேர் சேர்ந்த ஜோடிக்கு ஜெர்மன் மொழியில் 'ரோட்டே' என்று பெயர். இரண்டு ஜோடி சேர்ந்தால் 'ஷ்வார்ம்'.

இந்த முறையை 1938-இல் ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் சண்டையிட்டபோது சீர்ப்படுத்தியவர்களில் முக்கியமானவர் வெர்னர் மோல்டர்ஸ். அப்போது அவருக்கு 25 வயது. விமானங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பறக்காமல் சுமார் 200 மீட்டர் தள்ளித் தள்ளிப் பறந்தன. பக்கத்து விமானத்தில் மோதிவிடுவோமோ என்ற பயம் இல்லாததால் நாலு பேரும் நாலு திசையைப் பார்க்க முடிந்தது. ஒருவர் பார்த்ததை ரேடியோவில் மற்றவர்களுக்குச் சொல்லிவிடலாம்.

அதே காலத்தில் பிரிட்டிஷ் விமானிகள் மூன்று மூன்று பேராக, அம்பு முனை மாதிரி நெருக்கமாகப் பறந்தார்கள். பார்க்க அழகாக இருக்கும், அணிவகுப்புக்குச் சரி. ஆனால் பக்கத்தில் பறக்கும் இரண்டு பேரும் தலைவரின் இறக்கையில் இடிக்காமல் இருக்க அதையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அப்புறம் பின்னால் யார் பார்ப்பது? 1940 கோடையில் இங்கிலாந்தின் மேல் நடந்த சண்டையில் இப்படிப் பறந்தவர்கள் பலர், தங்களைச் சுட்டது யார் என்று பார்க்காமலேயே இறந்து போனார்கள்.

எங்க பாட்டிகிட்ட இதைச் சொன்னேன். "சாமைக் காட்டுக்கு இருட்டுல போறப்ப ரெண்டு ரெண்டு பேரா போங்கன்னு நான் சொல்றேனே, அதுதானேடா இது?" என்றார். அதேதான்!

இதற்கும் முன்பே, முதல் உலகப் போரில், ஓஸ்வால்ட் போல்கே என்ற ஜெர்மன் விமானி 1916-இல் சில விதிகளை எழுதி வைத்தார். சூரியனை உன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், எதிரியை விட உயரத்தில் இரு, கிட்டப் போய்ச் சுடு என்பவை அவற்றில் சில. கோழிக் குஞ்சைத் தூக்க வரும் பருந்து வெயிலில் இருந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? அண்ணாந்து பார்த்தால் கண் கூசும், ஒன்றும் தெரியாது. அந்தப் பருந்தையே கரிச்சான் குருவி அதுக்கும் மேலே போய் முதுகில் கொத்தித் துரத்தும். உயரத்தில் இருப்பவனுக்கு வேகம் இலவசம். (மேலிருந்து இறங்கும்போது நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறும், அறிவியல் பாடத்தில் இருக்கிறது.) இவ்வளவு விதி எழுதிய போல்கே, அதே 1916 அக்டோபரில் தன் படை விமானம் ஒன்றோடு நடுவானில் உரசி விழுந்து இறந்தார்.

இப்போது நம்ம ஊர் சம்பந்தம். அந்தப் போரின்போது நம் மலை வட ஆற்காடு மாவட்டத்தில், மதராஸ் மாகாணத்தில் இருந்தது. மாகாணத்தில் போர் நிதி திரட்டி பிரிட்டிஷ் விமானப் படைக்குக் கொடுத்தார்கள். அதனால் 79, 234, 264 என்ற மூன்று படைப்பிரிவுகளுக்கு 'மதராஸ் மாகாணம்' என்ற பெயரும் சேர்ந்தது. இதில் 264-இன் கதைதான் என்னைத் தூங்க விடவில்லை.

அவர்களிடம் இருந்த விமானத்தின் பெயர் டிஃபையன்ட். விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டு, அதற்குள் ஒரு ஆள், நாலு துப்பாக்கி. முன்னால் சுட ஒரு துப்பாக்கி கூடக் கிடையாது. தூரத்தில் இருந்து பார்த்தால் சாதாரண ஹரிக்கேன் விமானம் மாதிரியே இருக்கும். 1940 மே மாதம் டன்கர்க் கடற்கரைக்கு மேலே ஜெர்மானியர்கள் வழக்கம் போலப் பின்னால் இருந்து பாய்ந்தார்கள், கூண்டில் இருந்தவர் சுட்டார். மே 29 அன்று ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக 264 கணக்குச் சொன்னது. உண்மையில் விழுந்தவை அதைவிடக் குறைவு. ஒரே விமானத்தை இரண்டு மூன்று பேர் சுட்டால் எல்லாரும் நான்தான் என்பார்கள், பொய் சொல்வதற்காக அல்ல.

ஜெர்மானியர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். நேர் முன்னாலிருந்தும், பின்பக்கம் வயிற்றுக்கு அடியிலிருந்தும் வந்தார்கள். அந்த இரண்டு இடத்திலும் கூண்டுத் துப்பாக்கிகள் சுட முடியாது. 264-இன் தலைவர் ஃபிலிப் ஹன்டர் ஆகஸ்ட் 24 அன்று போனவர் திரும்பவில்லை. சில நாளிலேயே அந்தப் பிரிவைப் பகல் சண்டையிலிருந்து எடுத்து இரவுச் சண்டைக்கு மாற்றினார்கள். விமானம் விழும்போது விமானியால் குதிக்க முடிந்தாலும், குறுகலான கூண்டில் இருந்தவர் வெளியே வருவது ரொம்பக் கஷ்டம்.

இதைப் படித்துக் காட்டியபோது வரலாறு சார், "ஹிட்லர் படையை ஏம்ப்பா பாராட்டுற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மோல்டர்ஸ் ஸ்பெயினில் சேர்ந்திருந்த அதே கோண்டோர் படைதான், அவர் போவதற்கு முந்தின வருஷம், 1937 ஏப்ரல் 26 அன்று சந்தை நாளில் கெர்னிகா என்ற ஊரின் மேல் குண்டு போட்டது. அதை நான் மறைக்கவில்லை சார். ஆனால் அவர்களுடைய முறை சரி என்று பிரிட்டிஷ்காரர்களே ஒப்புக்கொண்டு 1941-இல் நாலு விரலுக்கு மாறினார்கள். இன்னும் ஒரு வருஷம் முன்னாடி மாறியிருந்தால் எத்தனை பேர் வீட்டுக்குப் போயிருப்பார்களோ.

பக்கத்தில் படம் வரைந்து ஒட்டியிருக்கிறேன். சிவப்பு மை மூணு விமானம், நீல மை நாலு விமானம். மை இன்னும் சரியா காயல, கையை வச்சு அழிச்சிடாதீங்க.

— 9-ஆம் வகுப்பு மாணவன்